முதல்ல நீங்க சொல்லுங்க, சம்பந்தி

டெய்லரம்மாவிடம் துணி கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். அளவு தப்பாது, தையல் பிரியாது, தேதி மட்டும் கிடைக்காது. "எப்ப வரட்டும்?" என்று கேட்டால் "முடிஞ்சதும் சொல்றேன்" என்பாள். "எப்ப முடியும்?" என்று கேட்டால் "அதைத்தானே சொன்னேன், முடிஞ்சதும்" என்பாள். கல்யாணப் பெண்ணே கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாலும் இதே பதில்தான். தேதியை வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் துணிக்கு நாம் அடிமை என்பது அவள் கட்சி. அவளால் எந்தக் கல்யாணமும் ரவிக்கையில்லாமல் நின்றதில்லை என்பதால், வாடிக்கைக்காரர்களும் திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அப்படிப்பட்டவளிடம் விமான நிலையத்து கவுண்டர் பெண் தேதி கேட்டாள்.

"ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டுங்கம்மா."

"அது இன்னும் போடலைம்மா. அங்க போய்ப் பாத்துக்குவோம்."

"உங்களோடது?" என்று கவுண்டர் பெண் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்றவர் பி.டி. டீச்சர், விளையாட்டுப் பாடம் எடுத்தவர். டெய்லரம்மாவின் ஒரே மகளை, இவருடைய ஒரே மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. காதோடு காதாக அவர் ஒரு ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள்.

"இவங்க எப்படியோ நானும் அப்படித்தான்மா!" என்றார் டீச்சர். வரிசையில் கடைசியில் நின்றவர் வரைக்கும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கவுண்டர் பெண் கையிலிருந்த பாஸ்போர்ட்டுகளை மூடினாள். "சுற்றுலாவா போறவங்களுக்கு அந்த நாட்டுல விசா வேண்டாம். ஆனா எப்ப கிளம்புவாங்கன்னு காட்டணும். திரும்பி வர்ற டிக்கெட், இல்லேன்னா அங்கேருந்து வேற நாட்டுக்குப் போற டிக்கெட். பஸ், கப்பல், எதுவா இருந்தாலும் சரி. ஒண்ணுமே இல்லாம உங்களை ஏத்தினா அவங்க அடுத்த விமானத்துலயே திருப்பி அனுப்பிடுவாங்க. கவுண்டர் மூடறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. ஓரமா நின்னு ஒரு தேதியை முடிவு பண்ணிட்டு வாங்க. மொபைல்லயே போட்டுடலாம்."

டிராவல்ஸ்காரர் இதைச் சொல்லாமல் இல்லை. தலைபாடாய் அடித்துக்கொண்டார். "போற டிக்கெட்டோட வர்ற டிக்கெட்டையும் போட்டுடுங்கம்மா, கேப்பாங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். டெய்லரம்மா "சம்பந்தி எப்ப வர்றாங்கன்னு தெரியலையே" என்பாள். டீச்சரைக் கேட்டால் "சம்பந்தி சொல்லட்டும், அப்புறம் நான் சொல்றேன்" என்பார். ஒரு சம்பந்தியையே சமாளிக்க முடியாது, இரண்டு பேரிடம் அவர் என்ன செய்வார்? எப்படியோ போங்கள் என்று போகிற டிக்கெட்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டார்.

டெய்லரம்மா வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. மகள் கல்யாணமாகி அடுத்த வாரமே விமானம் ஏறிப் போனவள். போய் மூன்று வருஷம். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் மகளோடு பேசவே முடியவில்லை. மூட்டை கட்டிய அன்றும் சம்பந்தி வீட்டில் விருந்து. இப்போதுதான் இரண்டு அம்மாக்களையும் ஒன்றாக வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. டீச்சர் நல்லவர்தான், தங்கமானவர்தான். ஆனால் அவர் இருக்கிற வீட்டில் இன்னொருவர் பேச முடியாது. அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு கொஞ்ச நாளாவது மகளோடு தனியாக இருக்க வேண்டும். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நல்லாத்தான் இருக்கியா என்று கேட்க வேண்டும். டெய்லரம்மாவுக்கு அந்தப் பயணத்தில் வேண்டியது அவ்வளவுதான். அதற்கு டீச்சர் தேதி முதலில் தெரிய வேண்டும். டீச்சரோ, எத்தனை தரம் வாயைப் பிடுங்கினாலும் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தார்.

அவருக்கும் அதே எண்ணம்தான், எனக்கு மேலே ஒரு நாளாவது கூட இருந்துவிட வேண்டும் என்றுதான் காத்திருக்கிறார் என்று டெய்லரம்மா தீர்மானித்துவிட்டாள். பாம்பின் கால் பாம்பறியும்.

இருவரும் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு தூண் ஓரமாகப் போய் நின்றார்கள்.

"சொல்லுங்க சம்பந்தி," என்றாள் டெய்லரம்மா.

"முதல்ல நீங்க சொல்லுங்க சம்பந்தி."

"நீங்க பெரியவங்க. உங்களுக்கு முன்னாடி நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"பொண்ணைப் பெத்தவங்க நீங்க. உங்க வசதிதான் எங்க வசதி."

மரியாதை இப்படியே கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டர் பெண் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். டெய்லரம்மா மகளுக்குப் போன் போட்டாள். மகள் ஆபீஸ் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து இப்படியா பண்ணுவீங்க? சரி, தேதியைச் சொல்லு. நான் இங்கேருந்தே போட்டுடறேன்."

"தேதி..." என்று டெய்லரம்மா இழுத்தாள்.

"அம்மா, உன்கிட்ட யாரும் ப்ளவுஸ் கேக்கலை. தேதியைச் சொல்லு."

"முடிவு பண்ணிட்டுக் கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டாள்.

இனி நேர்வழியில் காரியம் ஆகாது என்று தோன்றியது. டெய்லரம்மா குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டாள். "நான் என்ன சம்பந்தி, சீக்கிரமே திரும்பிடுவேன். கடையைப் பூட்டிப் போட்டுட்டு எத்தனை நாள் உக்காந்திருக்க முடியும்? ரெண்டு வாரம் இருந்தா ஜாஸ்தி."

அவள் கணக்கு இதுதான். டீச்சர் எப்படியும் மூன்று வாரம் என்பார். அவர் டிக்கெட்டை முதலில் போட வைத்துவிட்டு, "கடை எங்கே ஓடிப் போகுது" என்று இவள் நாலு வாரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"அப்ப எனக்கும் ரெண்டே வாரம் போடச் சொல்லுங்க!" என்றார் டீச்சர்.

டெய்லரம்மா திகைத்துப் போனாள். ஒரு பேரமும் இல்லாமல் இப்படியா இறங்கி வருவார்? சரி, இதுவும் லாபம்தான் என்று தேற்றிக்கொண்டாள். "போட்டுடலாம். நான் மட்டும் அப்புறம் வேணும்னா மாத்திக்கிற மாதிரி..."

"மாத்தக் கூடாது சம்பந்தி! மாத்தினா ரெண்டு பேரும் சேர்ந்து மாத்தணும். ஒரே விமானம். பக்கத்துப் பக்கத்து சீட்டு."

டெய்லரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. வெட்டுகிற கத்தரிக்கோல் மாதிரி வார்த்தை வந்தது.

"ஏன் சம்பந்தி, என்னை அங்க ஒரு நாள்கூட தனியா விடக் கூடாதுன்னு சபதமா? நான் உங்க மகன் வீட்டைத் தூக்கிட்டா வந்துடப் போறேன்?"

கேட்ட பிறகுதான் எப்படிக் கேட்டுவிட்டோம் என்று உறைத்தது. டீச்சர் பெட்டி வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு பேசினார். முதல் முறையாக அவர் பேச்சைக் கேட்க டெய்லரம்மா குனிய வேண்டியிருந்தது.

"எனக்குத் தனியா விமானத்துல ஏறப் பயம் சம்பந்தி."

"என்னது?"

"ஒரே ஒரு தடவை ஏறியிருக்கேன். ஆசிரியர் மாநாட்டுக்கு. அது மேல எழும்பினப்ப உயிரே போயிடுச்சு. திரும்பும்போது எல்லாரும் விமானத்துல வந்தாங்க, நான் மட்டும் வயித்து வலின்னு சொல்லி ரயில்ல வந்தேன். மாநாட்டுல நான் பேசினது பிள்ளைங்களுக்குத் தைரியம் ஊட்டறதைப் பத்தி." டீச்சர் தன்னையே பார்த்துச் சிரித்தார். "மூணு வருஷமா பையன் கூப்பிடறான். முட்டி வலி, வீட்டு வேலை, எதையாவது சொல்லிச் சமாளிச்சேன். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும்தான் சரின்னேன். போகும்போது நீங்க இருக்கீங்க. வரும்போது? அதான் நீங்க தேதி சொல்றதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மைதானம் நிறையப் பிள்ளைகளை ஒரே விசிலில் வரிசையாக நிற்க வைத்த மனுஷி. டெய்லரம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை நாளும் மனசுக்குள் இவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், இவரோ கையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சரி, என் குட்டு வெளியாயிடுச்சு," என்றார் டீச்சர். "நீங்க ஏன் தேதி சொல்லலை?"

பொய் சொல்லியிருக்கலாம். கடை, வீட்டுக்காரர் சாப்பாடு, எத்தனையோ இருந்தன. ஆனால் எதிரே இருப்பவர் உள்ளதை உள்ளபடி சொன்ன பிறகு பொய் வாய்க்கு வரவில்லை.

"நீங்க போனப்புறம் என் பொண்ணுகூட நாலு நாள் தனியா இருக்கணும்னு நினைச்சேன்."

"நான் இல்லாமலா?"

"நீங்க இல்லாம."

"நான் அவ்வளவு சத்தமாவா பேசறேன்?"

"ஆமா சம்பந்தி."

டீச்சர் முகம் வாடியது. அதைப் பார்க்க டெய்லரம்மாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மனம் வரவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் பெட்டியை எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்காவது உங்க பொண்ணு தனியா ஒரு நாள் போன் பண்ணுவா," என்றார் டீச்சர். "என் பையன் கூப்பிட்டா எப்பவும் ரெண்டு பேராத்தான் வர்றாங்க. இவன் 'அம்மா'ன்னு ஆரம்பிப்பான், உங்க பொண்ணு 'அத்தை, சாப்பிட்டீங்களா'ம்பா. நல்ல பிள்ளை. குறையே சொல்ல மாட்டேன். ஆனா அவன்கிட்ட, ஏண்டா இளைச்சுட்டேன்னு கேக்கணும்னு எனக்கு இருக்கும். அவளை வெச்சுக்கிட்டுக் கேட்டா அவ சமையலைச் சொன்ன மாதிரி ஆயிடாதா? கேக்காமலே வெச்சுடுவேன்."

டெய்லரம்மாவுக்கு நெஞ்சில் ஊசி குத்தியது. மாப்பிள்ளை அவர் அம்மாவுக்குப் போன் செய்யும்போதெல்லாம் கூடவே போய் உட்கார் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான். மாமியாரிடம் நல்ல பெயர் எடுக்கட்டும் என்று சொன்னது. அந்த வீட்டில் பேச விடாமல் நடுவில் உட்கார்ந்திருந்தது தன் மகள் என்பது அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

டீச்சர் திடீரென்று நிமிர்ந்தார். குரல் பழையபடி ஆகிவிட்டது. "அந்தப் பொண்ணு பஸ்ஸுன்னு சொன்னாளே! பஸ்ல வேற நாட்டுக்குப் போலாமா?"

இருவரும் வண்டியோடு கவுண்டருக்கு ஓடினார்கள். "எல்லை தாண்டி பஸ் போகுதும்மா. போகவும் வரவும் தடை ஒண்ணும் இல்லை," என்றாள் கவுண்டர் பெண்.

"பஸ்ஸுக்கு எனக்குப் பயமில்லை," என்றார் டீச்சர். "என் பையனைக் கூட்டிக்கிட்டு நான் நாலு நாள் அந்தப் பக்கம் போயிட்டு வரேன். நீங்க உங்க பொண்ணோட இருங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே விமானத்துல வீட்டுக்கு. சரியா?"

டெய்லரம்மா மகளை மறுபடி கூப்பிட்டாள். இரண்டு வாரப் பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, அடுத்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, இரண்டு டிக்கெட், பக்கத்துப் பக்கத்தில் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அதற்கு முந்தின வாரம் பக்கத்து நாட்டுக்கு பஸ், மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும்.

"ஹை! நாங்களே இன்னும் அந்த ஊரைப் பாத்ததில்லைம்மா. நாலு பேருமே போலாம். நாலு டிக்கெட் போடறேன்."

"ரெண்டு போதும்."

"ஏம்மா? நானும் போறேனே."

"நீ போகக் கூடாது."

"அதான் ஏன்?"

டெய்லரம்மா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அவசரமாகத் திரும்பி, படிக்க ஒன்றுமே இல்லாத ஒரு பலகையைப் படிக்க ஆரம்பித்தார்.

"எனக்கு நீ வேணும்டி," என்றாள் டெய்லரம்மா. "நீ மட்டும். மூணு வருஷமாச்சு."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு மகளின் குரல் வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"சரிம்மா. அந்த நாலு நாளும் நான் லீவு போட்டுடறேன்."

கொஞ்ச நேரத்தில் எல்லா டிக்கெட்டும் போனுக்கு வந்து சேர்ந்தன. டீச்சர் விமான டிக்கெட்டோடு நிற்காமல் பஸ் டிக்கெட்டையும் கவுண்டர் பெண்ணிடம் நீட்டினார்.

"ஒண்ணு கேட்டா எல்லாத்தையும் காட்டறீங்களே," என்று கவுண்டர் பெண் சிரித்துக்கொண்டே போர்டிங் பாஸைக் கொடுத்தாள்.

விமானம் ஓட ஆரம்பித்ததும் டீச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு டெய்லரம்மாவின் கையைப் பிடித்தார். விளையாட்டுக்காரி பிடி, எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

"எதையாவது பேசிக்கிட்டே இருங்க சம்பந்தி."

"என்ன பேச?"

"எதையாவது!"

டெய்லரம்மா கொஞ்சம் யோசித்தாள். "இனிமே மாப்பிள்ளை உங்களுக்குப் போன் பண்ணும்போது, என் பொண்ணை எழுந்து உள்ள போகச் சொல்றேன்."

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. பிடியும் தளரவில்லை.

"எப்பவும் வேணாம், பாவம்," என்றார். "வாரத்துல ஒரு நாள் போதும்."