கற்பகம் ஏறாத கார்

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பஸ்ஸின் கடைசி சீட்டில் கற்பகம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே, ஒரு ஹார்ன்கூட அடிக்காமல், அவள் புருஷன் சந்திரமோகன் தன் சொந்தக் காரில் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் போகிற இடம் ஒன்றுதான், கற்பகத்தின் அக்கா வீடு. அக்கா மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்ததால் வாராவாரம் போகவேண்டியிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து இந்தக் கூத்து நடந்ததில் ஊரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். மீதிப் பேருக்குக் கண்டக்டர் சம்பந்தம் சொல்லிவிட்டார்.

“ஏம்மா, உங்க வூட்டுக்காரரு காவலுக்கு வர்றாரா, இல்ல பஸ்ஸு நின்னுபோனா இழுத்துகினு போறதுக்கு வர்றாரா?” என்று அவர் கேட்டபோது கற்பகம் டிக்கெட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, “அவரு இஷ்டத்துக்கு வர்றாரு. ரோடு என்ன எங்களுதா?” என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு முன்பு வேலூரில் ஒரு டாக்டர் விற்ற பழைய காரைச் சந்திரமோகன் வாங்கி வந்தான். பதினைந்து வயதுக் கார். இஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே நாலு பக்கமும் அசல் தோல் சீட். அதில்தான் மயங்கினான். ஆனால் டாக்டர் வண்டியை வருஷக்கணக்காக வெயிலிலேயே நிறுத்தியிருக்கிறார். சீட்டெல்லாம் வெடித்து, வெடிப்பின் ஓரங்கள் காய்ந்து தூக்கிக்கொண்டிருந்தன. தறியில் பட்டு நெய்யும்போது ஒரு இழை தப்பினாலும் கண்டுபிடிக்கிற சந்திரமோகன் அன்றைக்கு எப்படிக் கோட்டைவிட்டான் என்பது இன்றுவரை யாருக்கும் புரியவில்லை.

முதல் சவாரிக்குக் கற்பகம் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. வீட்டுத் தறியில் இருபது நாள் உட்கார்ந்து தனக்கென்று அவளே நெய்தது. ஊரில் இத்தனை கல்யாணத்துக்கு நெய்து கொடுத்தவள், தனக்கென்று நெய்த முதல் புடவை அது. கோயில் வாசலில் இறங்கும்போது வெடித்த தோலின் ஓரம் புடவையைப் பிடித்துக்கொண்டது. ‘சர்’ என்று ஒரு சத்தம். முந்தானைக்குக் கீழே இரண்டு விரல் நீளத்துக்கு இழை இழுத்துக்கொண்டு நின்றது.

கற்பகம் கத்தவில்லை. கத்தியிருந்தால் சந்திரமோகனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அந்த இழையைத் தடவிப் பார்த்தாள், சீட்டைத் தடவிப் பார்த்தாள், பிறகு சொன்னாள்: “இந்தச் சீட்டு என்னைக்குப் பட்டைப் புடிச்சு இழுக்காம பட்டு மாதிரி ஆவுதோ, அன்னைக்கு ஏறறேன். அதுவரைக்கும் நீங்க போயிகினே இருங்க.” சொன்னதோடு நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அவனுக்கு உண்மையிலேயே மனசு உடைந்துபோயிற்று. காரை வாங்கியதே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போகத்தான். இருபத்துநாலு வருஷமாக எதிரும் புதிருமாக இரண்டு தறியில் உட்கார்ந்தே பேசியாகிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஐம்பது வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, சீட்டைச் சரிசெய்தால் போயிற்று என்று இறங்கினான். அங்கேதான் அவனுடைய தொழில் அவன் காலை வாரியது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் காய்ந்து அறுந்தால் நெசவாளி என்ன செய்வான்? கஞ்சி போடுவான். தோலும் காய்ந்துதானே வெடித்திருக்கிறது? அரிசிக் கஞ்சியைப் பதமாகக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, பாவுக்குத் தேய்க்கிற பிரஷ்ஷாலேயே சீட்டு முழுக்க ஒரே திசையில் இழுத்துத் தேய்த்தான். வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு சீட்டு பளபளவென்று ஆனது. அன்று சாயங்காலம் முழுக்க அவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். உலகத்தில் இது ஏன் வேறு யாருக்கும் தோன்றவில்லை என்றுகூட நினைத்தான்.

காலையில் பார்த்தால் கஞ்சி காய்ந்து சீட்டு அப்பளமாக விறைத்திருந்தது. கைவைத்த இடமெல்லாம் பொரிந்தது. அது போதாதென்று கார்க் கதவின் இடுக்கிலிருந்து சீட்டு வரைக்கும் எறும்பு வரிசை போட்டிருந்தது. கற்பகம் தறிக்குப் போகிற வழியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“பரவால்லீங்க. உங்க கார்ல ஏற எறும்பாவது வந்துச்சே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே போய்ச் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி. கல்யாண மண்டபத்து வாசலில் சொந்தபந்தம் எல்லாம் பார்க்க, அவள் பஸ்ஸிலிருந்தும் இவன் காரிலிருந்தும் தனித்தனியாக இறங்குவதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சேத்துப்பட்டு ரோட்டோரம் அமலா என்று ஒருத்தி கார் சீட் சரிசெய்யும் கடை வைத்திருப்பதைச் சொன்னதும் சம்பந்தம்தான். அமலாவுக்குக் கலசப்பாக்கம் பக்கம். செய்யாறில் ஷூ கம்பெனியில் எட்டு வருஷம் தோலுக்குப் பாலிஷும் கலரும் ஏற்றுகிற பிரிவில் வேலை பார்த்தவள். போன தை மாதம் வேலையை விட்டுவிட்டு, ஒரு தகர ஷெட்டில் சொந்தமாகக் கடை போட்டிருந்தாள். கார்க் கதவைத் திறந்து பார்த்ததும் விரலால் சீட்டைச் சுரண்டினாள், மோந்து பார்த்தாள்.

“அண்ணா, இன்னாது இது? சோத்து வாசன வருது.”

சந்திரமோகன் ரோட்டைப் பார்த்தபடி, “கஞ்சி” என்றான்.

அமலா ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மன்னிச்சுக்கங்கண்ணா. நூலு வெறப்பா இழுத்துகினு நிக்கணும், அதுக்குக் கஞ்சி. தோலு மடங்கி மடங்கி எழுந்திருக்கணும். அத விறைக்க வச்சா வெடிக்காம இன்னா பண்ணும்?”

அவன் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தைச் சொன்னான். பஸ் கதையையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு அடங்கி முகம் மாறியது. விரல்விட்டு எண்ணினாள். கஞ்சியைச் சுரண்டாமல் நுரைபோட்டு எடுக்க ஒரு நாள், நிழலில் காயவைக்க ஒரு நாள், கிரீம் தடவித் தோல் குடிக்கக் காத்திருக்க ஒரு நாள், அப்புறம் வெடிப்பை அடைக்க, கலர் ஏற்ற, மேல்பூச்சு இறுக.

“ஜல்தியில பண்ணா பட்டுல கலர் ஒட்டிக்கும். அந்தப் பாவம் எனக்கு வேணாம். நாலு சீட்டும் ஆவாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு சீட்டு முடிச்சுத் தரேன். எந்தச் சீட்டுண்ணா?”

“அவ உக்கார்ற சீட்டு” என்றான் சந்திரமோகன். இதற்கு யோசிக்கவே இல்லை.

முன்பக்கத்து இடது சீட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து அமலா வேலையை ஆரம்பித்தாள். சந்திரமோகன் தினமும் போய் நின்றான். தொடக்கூடாது என்று உத்தரவு. நாலாம் நாள் வெடிப்பெல்லாம் அடைபட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சமமாகிவிட்டது. கலரில்தான் சிக்கல். அமலா மூன்று தடவை கலந்தும் பழைய தோலோடு சேரவில்லை. ஒன்று சிவந்தது, ஒன்று வெளுத்தது, ஒன்று மண் மாதிரி இருந்தது.

“பேஜாரா கீதுண்ணா. கண்ணுக்குத் தெரியுது, கைக்கு வரல.”

நிறம் என்றால் ஆரணியில் சந்திரமோகனுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான். சாயப் பட்டறைக்காரர்களே சந்தேகம் வந்தால் கற்பகத்திடம்தான் நூலைக் காட்டுவார்கள். கேட்டால் வருவாளா என்று பயந்துகொண்டே கேட்டான். கற்பகம் தறியிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “கடை எங்க கீது?” என்று மட்டும் கேட்டாள். வந்தாள். காரில் இல்லை, பஸ்ஸில்.

வந்தவள் சீட்டைச் சுற்றி ஒரு சுற்று நடந்தாள். மடிப்புக்குள் வெயில் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருந்தது. அதைக் குனிந்து பார்த்தாள்.

“இது பழுப்பு இல்லம்மா. சுக்கு நிறம். அடியில அரக்கு ஓடுது பாரு. அரக்கு ஒரு சொட்டு, மஞ்சள் அரைச் சொட்டு விடு.”

அமலா விட்டாள். கலக்கினாள். பஞ்சில் தொட்டு ஓரத்தில் ஒற்றினாள். புதுசு எது, பழசு எது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. அமலா அந்தப் பஞ்சையும் கற்பகத்தையும் மாறி மாறிப் பார்த்து, “அக்கா, நீங்க இங்கயே வந்துடுங்க” என்றாள். கற்பகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டிக்கொள்ளாமல் இருக்க முந்தானையைச் சரிசெய்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவளே மறுபடி வந்தாள். பர்ஸிலிருந்து ஒற்றைப் பட்டு இழையை எடுத்தாள். சாயம் ஏறாத வெள்ளை இழை. இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு சீட்டின் மேல் மெதுவாக இழுத்தாள். சாயுமிடம், உட்காருமிடம், தையல் ஓரம். வலதுபக்கத் தையலுக்குக் கீழே இழை ஓரிடத்தில் தயங்கி நின்றது.

“இங்க” என்றாள் கற்பகம்.

அமலா குனிந்து பார்த்தாள். கண்ணுக்கே தெரியாத ஒரு பிசிறு. தேய்த்து, மறுபடி பூசி, சாயங்காலம் வரை உலரவிட்டாள். இரண்டாவது தடவை இழை எங்கும் நிற்காமல் வந்தது. நுனியில் ஒரு பொட்டு நிறம்கூட ஒட்டவில்லை. அமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பகம் இழையைச் சுற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டு, “காலைல பாக்கலாம்” என்று பஸ் ஏறப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே சந்திரமோகன் பட்டு வேட்டி கட்டித் தயாராக இருந்தான். கற்பகம் அதே மாம்பழ மஞ்சள் புடவையில் வந்தாள். இழுத்த இழையை ஊசியால் உள்ளே வாங்கிச் சரிசெய்திருந்தாள். கையில் பெரிய துணிப்பை. காரருகே நின்றாள். பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

அவ்வளவு சந்தோஷம் சந்திரமோகன் கார் வாங்கிய அன்றுகூடப் படவில்லை. வழியெல்லாம் பேசினார்கள். சமையலுக்கு யார், சீர்த்தட்டு எத்தனை, அமலாவுக்கு ஒரு புடவை எடுக்க வேண்டும், அது என்ன நிறம் என்று ஒன்றுமில்லாத பேச்சு. அவள் அவ்வப்போது சீட்டைத் தடவிக்கொண்டே வந்தாள்.

சேத்துப்பட்டு எல்லையில் பூக்கடை வந்தது. பூ வாங்கலாம் என்று அவன் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கினான். ‘சர்’ என்றது.

சந்திரமோகன் குனிந்து பார்த்தான். வேட்டியில் சாண் நீளத்துக்கு இழை இழுத்துக்கொண்டு நின்றது. அவன் சீட்டின் மேல் போட்டு மறைத்திருந்த துண்டு நழுவிக் கீழே கிடந்தது. அதற்கடியில் காய்ந்த வெடிப்பு, இடுக்கில் இன்னும் கொஞ்சம் கஞ்சி.

கற்பகம் அந்தச் சீட்டைப் பார்த்தாள். தன் சீட்டைப் பார்த்தாள்.

“உங்களுது பண்ணலியா?”

“ஒண்ணுதான் ஆவும்னா அமலா. அதான்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இறங்கி வந்து, பிளவுஸிலிருந்து ஒரு பின்னை எடுத்து, ரோட்டோரத்திலேயே அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த இழையை உள்ளே தள்ள ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்தது. சம்பந்தம் படியில் தொங்கியபடி, “இன்னாண்ணா, கார்ல ஏத்திகினு வந்து ரோட்டுல நிக்க வச்சிட்ட?” என்றார்.

“நீ போய்யா, நாங்க பின்னால வரோம்” என்றாள் கற்பகம்.

பின்னைத் திரும்பக் குத்திக்கொண்டு, துணிப்பையிலிருந்து மடித்த போர்வை ஒன்றை எடுத்தாள். என்னதான் இழை ஓட்டிப் பார்த்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று தன் சீட்டுக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதை உதறி, அவனுடைய சீட்டின் மேல் விரித்து, நாலு ஓரமும் இறுக்கிச் செருகினாள்.

“இப்ப உக்காருங்க” என்றாள்.