நஞ்சுண்டன் இறங்காத கிணறு

"ஏனுங்க, ஆடாம நில்லுங்க. குத்திப்போடும்."

மனைவி ராசாத்தாள் சொல்லி முடிப்பதற்குள் ஜனாதிபதி பதக்கத்தின் ஊசி காக்கிச் சட்டையைத் தாண்டி நஞ்சுண்டனின் தோலில் ஏறிவிட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. தனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஊர்க்காவல் படையில் இருபத்தைந்து வருஷம். தேரோட்டத்தில் கயிறு பிடித்ததும், மந்திரிகளுக்காக வெயிலில் காய்ந்ததும் நிஜம். ஆனால் பாராட்டுப் பத்திரம் அதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிட்டு, துடியலூர்க் கிணற்றுக்குத் தாவியிருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்பு, தொண்ணூற்றிரண்டில், தன் வீட்டுக் குடிதண்ணீர்க் கிணற்றில் விழுந்த மூன்று வயது மகளை, நாற்பதடி ஆழத்தில் குதித்து மீட்ட மாவீரர் அவர்.

மாவீரருக்கு நீச்சல் தெரியாது.

குதித்தவர் ஆறுச்சாமி. அதே படை, அதே காக்கி. வீடு மட்டும் காலனியில். அன்று ராசாத்தாள் சொந்தக்காரர் வீட்டுச் சீருக்குப் போயிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நஞ்சுண்டன் அணிவகுப்புக்காகப் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை அழைத்துப்போக வந்த ஆறுச்சாமிதான் சத்தம் கேட்டு ஓடினார். கரையேறியதும் சொன்னவரும் அவரே: "நீங்க எறங்குனதா எழுதிப்போடுங்க சார். நானுன்னா கெணத்தையே எறைச்சு ஊத்திப்போடுவாங்க. கோடை வேற."

நஞ்சுண்டன் எழுதிப்போட்டார். தண்ணீரைக் காப்பாற்றியதற்குப் பதக்கம் வந்துவிட்டது.

இன்று வாசலில் பந்தல். ஆறுச்சாமி சீருடையில், கையில் எலுமிச்சம்பழத்தோடு கேட்டுக்கு வெளியே நின்றார்.

"உங்க ஆளு நிக்கறான். பந்தி முடியட்டும், பொட்டலம் கட்டிக் குடுத்தர்றேன்" என்றாள் ராசாத்தாள்.

நஞ்சுண்டனின் அண்ணன் ரங்கராஜ் மைக்கில் பத்திரத்தை வாசித்தார். 'நாற்பதடி' வந்ததும் கைதட்டல். கேட்டுக்கு வெளியிலும் இரண்டு கைகள் தட்டின. அதைப் பார்த்த நஞ்சுண்டன் எழுந்து மைக்கைப் பிடுங்கினார்.

"குதிச்சது நானில்லீங்க. ஆறுச்சாமி. நான் மேல நின்னு கத்திக்கிட்டிருந்தேன்."

பொய்யன் என்பார்கள், பதக்கத்தைப் பிடுங்குவார்கள் என்று காத்திருந்தார்.

"அட கருமமே! அஞ்சு வருசமா அந்தத் தண்ணியவா குடிச்சோம்?" என்றாள் ராசாத்தாள்.

"டேய், ஆராச்சும் மோட்டாரைப் போடுங்கடா!" என்றார் ரங்கராஜ்.

எட்டு வயது பிரவீனா அம்மாவின் சேலையை இழுத்தாள். "அம்மா, என்னையுந்தான அவரு தொட்டுத் தூக்குனாரு? என்னைய என்ன பண்ணுவீங்க?"

"வாய மூடு அம்மணி."

கேட்டுக்கு அடியில் வழிந்த தண்ணீர் ஆறுச்சாமியின் பூட்ஸைச் சுற்றி ஓடியது. "நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே சார்" என்றார் அவர். எலுமிச்சம்பழத்தை கேட்டின் கம்பி இடுக்கில் வைத்துவிட்டு, ஒரு சல்யூட் அடித்துவிட்டு நடந்தார்.

மோட்டார் சாயங்காலம்வரை ஓடியது. பதக்கத்தைக் கழற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

நஞ்சுண்டனும் கழற்றவில்லை.