மல்றூனி துரைக்கு மத்தியானச் சாப்பாடு

"இண்டைக்கு மட்டும் வாய் திறக்கக் கூடாது, பிள்ளை. துரை போனாப் பிறகு அழுகிறதெண்டால் இருந்து அழு."

பிறக்கிராசியார் கனகசபாபதி கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டே மகளிடம் சொன்னார். பத்மாவதி அழவில்லை. அழுகையெல்லாம் போன கிழமையே முடிந்துவிட்டது. "கட்டினால் அப்புக்காத்து சண்முகலிங்கத்தைத்தான் கட்டுவன். இல்லாட்டி இப்பிடியே இருந்திட்டுப் போறன்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

சண்முகலிங்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறக்கிராசியாகக் கனகசபாபதி பாரமெடுக்கிற வழக்குகளைக் கோட்டிலே அப்புக்காத்தாக நின்று பேசி வென்று கொடுக்கிறவனே அவன்தான். ஆனால் அவனுடைய தகப்பனார் கொட்டாஞ்சேனையில் சலூன் வைத்துச் சவரம் செய்கிறவர். ஆகையால் வழக்கு விஷயமாக இவர்களுடைய வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தால் அவனுக்கு விறாந்தையோடு சரி. தேத்தண்ணி கிடையாது, சோடாதான். தேத்தண்ணிக் கோப்பை வீட்டுக்குள் திரும்பி வரும். சோடாப் போத்தல் கடைக்குப் போய்விடும் அல்லவா? எங்கள் ஆட்களின் மூளையே மூளை.

யப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து கொழும்பில் பாதிச் சனம் ஊருக்கு ஓடிவிட்டது. அரிசிக்குக் கூப்பன். அந்தப் பஞ்சத்திலும் அன்றைக்குக் கனகசபாபதி வீட்டில் இடியப்பம், சொதி, சைவக்காரர் வீடென்றும் பாராமல் கோழிக்கறி. வருகிறவர் சுப்பிறீம் கோட்டு நீதிபதி, அயர்லாந்துக்கார மல்றூனி துரை. அவர் மனம் வைத்தால் கனகசபாபதிக்கு ஒரு பட்டம் கிடைக்கலாம்.

துரை நல்ல மனிதர். கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். அந்நிய ஆண்களுக்கு முன்னால் வராத வீட்டுக்காரி சிவக்கொழுந்து, புருஷன் சொன்னதற்காகத் தானே நின்று பரிமாறினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது; சுவரோரக் கதிரையில் இருந்த மகளுக்குத் தெரியும். துரை தன் கதையை ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"எங்கள் ஊரில் பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் சட்டம் படித்தால் மட்டும் போதாது. சட்டச் சங்கத்தில் மற்றவர்களோடு ஒரே மேசையில் இருந்து விருந்தும் சாப்பிட வேண்டும். நான் போய் இருந்தால் பக்கத்துக் கதிரைகள் காலியாகிவிடும். உப்பைக்கூட எட்டித்தான் எடுப்பேன்."

"என்ன அநியாயம், பிரபு! படித்தவர்கள் செய்கிற வேலையா?" என்றார் கனகசபாபதி. உண்மையாகவே அவருக்கு மனம் நொந்தது.

"என் அப்பா முடி வெட்டுகிறவர். அம்மா ஊரார் உடுப்பு வெளுப்பாள். அதுதான் காரணம்." துரை சிரித்துக்கொண்டே இன்னொரு இடியப்பம் எடுத்தார்.

கனகசபாபதி வாய்க்குக் கொண்டுபோன இடியப்பத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"துரை என்ன சொல்லுறார்?" என்று கேட்டாள் சிவக்கொழுந்து.

"அவரின்ரை தேப்பன் பெரிய காணிக்காரராம். நீ சொதியை விடு."

பத்மாவதியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "இல்லை அம்மா. அவரின்ரை அப்பா சலூன்காரர். அம்மா உடுப்புத் தோய்ச்சவவாம்."

சொதிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. என்ன விஷயம் என்று துரை பத்மாவதியைப் பார்த்தார். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்:

"உங்கள் அப்பாவின் தொழிலை அம்மாவுக்குச் சொன்னேன். நான் கட்ட விரும்புகிறவரின் அப்பாவுக்கும் அதே தொழில்தான். அப்புக்காத்து சண்முகலிங்கம்."

"சண்முகலிங்கமா?" துரையின் முகம் மலர்ந்தது. "என் கோட்டில் அவனைப்போலப் பேசுகிறவன் வேறு யார்? கனகசபாபதி, பலே ஆள் நீர்! என்னிடம் மறைத்துவிட்டீரே. அடுத்த மாதம் கோட்டு விடுமுறை. அதற்குள் கலியாண எழுத்தை வையும். சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன்."

மாட்டேன் என்று சொல்லத்தான் கனகசபாபதி எழும்பினார். ஆனால் நீதிபதி வாயிலிருந்து எது வந்தாலும் குனிந்து ஒரே பதில் சொல்லி ஆயுளெல்லாம் பழகிய உடம்பு அது. எழும்பிய உடனே தலை தானாகக் குனிந்தது.

"தங்கள் சித்தம், பிரபு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

துரையின் கார் காலி வீதியில் திரும்பியதும் அவர் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"கடைசியா என்ன சொல்லிப்போட்டுப் போறார்?" என்றாள் சிவக்கொழுந்து.

"பிள்ளையின்ரை கலியாணத்துக்குத் தீர்ப்புச் சொல்லிப்போட்டார். சண்முகலிங்கம்தானாம்."

அவளும் பிறக்கிராசியின் பெண்சாதி அல்லவா? "அப்பீல் இல்லையோ?"

"அப்பீல் கேக்கிறதும் அவர்தான்."

சிவக்கொழுந்து மேசையைப் பார்த்தாள். துரை சாப்பிட்டது அவளுடைய சீதன வெள்ளித்தட்டில். அதன் விளிம்பை இரண்டு விரலால் தூக்கினாள்.

"அப்ப இதை என்ன செய்யிறது? உள்ளுக்கை எடுக்கிறதோ, வேண்டாமோ?"

வரும்போது துரை. போகும்போது சலூன்காரன் மகன். சுப்பிறீம் கோட்டு நீதிபதி பதவிகூட ஒரு தட்டைச் சுத்தப்படுத்தப் போதவில்லை.

பத்மாவதி எழும்பி வந்து தட்டை வாங்கினாள். குழாயடியில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்து அதன் முன்னால் இருந்தாள்.

"எனக்கு இதிலை போடுங்கோ, அம்மா. கலியாணத்தண்டைக்கு என்ரை மாமனாரும் இதிலைதான் சாப்பிடுவார்."