இடக்கைக் காப்பு

மகரகமைப் புற்றுநோய் ஆசுபத்திரியில் இடது மார்பை எடுத்து, கதிர் வைக்கிற கரண்டும் பிடித்து அனுப்பியபோது, தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி அன்னபாக்கியத்திடம் இரண்டு விஷயம் சொன்னாள். அந்தப் பக்கத்துக் கையில் எதையும் இறுக்கிக் கட்டக்கூடாது. கை பாரமாகத் தெரிந்தால் உடனே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும்.

ஊர் வந்ததும் இடக்கை வளையல்களைக் கழற்றி அலுமாரியில் வைத்தாள். ஆனால் ஐப்பசியில் கேதாரகௌரி விரதம் முடிந்து, நெடுங்கேணிப் பிள்ளையார் கோயிலில் ஐயர் காப்பு நூலோடு நின்றபோது இடக்கையைத்தான் நீட்டினாள். பெண்களுக்கு இடக்கை. வலக்கையை நீட்டினால் வரிசையில் நிற்கிறவர்கள் ஏனென்று கேட்பார்கள். என்னவென்று சொல்வது? புருசனின் ஆயுளுக்காகக் கட்டுகிற நூல், அடுத்த விரதம் வரை அவிழ்க்கக்கூடாதது. அது இறுக்கிக் கட்டுகிற கணக்கில் சேராது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

தையில் வயலில் அரிவு வெட்டு முடிவதற்குள் நூல் மணிக்கட்டில் அழுந்தியது.

"மச்சாளுக்கு இப்பதான் கை உருண்டு வருது. அண்ணை இனி அரிசி மூட்டையை ஒளிச்சு வைக்கவேணும்" என்று புருசனின் தங்கை விமலேஸ்வரி சிரித்தாள்.

அன்னபாக்கியமும் சிரித்தாள். வலக்கை பழையபடி குச்சியாக இருந்ததை அவள் மட்டும்தான் கவனித்தாள். சொன்னால் நூலை வெட்டுவார்கள். ஆசுபத்திரியால் வந்த நாள் முதல் புருசன் வீரகத்தி அவளுக்குப் பக்கத்தில் பாய் போடுவதில்லை. தாலி அவன் கட்டியது. இந்த நூல், அவனுக்காக அவள் தானாக விரும்பிக் கட்டிக்கொண்டது. இதுவும் போனால் தனக்குள் பெண்சாதி என்று என்ன மிச்சம்? சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

பங்குனியில் வீக்கம் முழங்கைக்கு ஏறியது. ஒருநாள் விறகு முள் கீறி, கை சிவந்து, காய்ச்சல் நெருப்பாய்க் காய்ந்தது.

வவுனியா ஆசுபத்திரியில் டொக்டர் ஒன்றும் கேட்காமலே நூலைக் கத்தரித்தார்.

"பழைய வருத்தம் திரும்பி வந்திட்டுதோ ஐயா?" என்று வீரகத்தி கேட்டான்.

"இல்லை. இது வேற. மார்பு எடுத்த பக்கத்துக் கையில நீர் தேங்கிறது. எப்ப வீங்கத் தொடங்கினது அம்மா?"

"நேற்று" என்றாள்.

டொக்டர் நம்பவில்லை. "காய்ச்சல் மாறும். தொடங்கேக்கையே வந்திருந்தா கை முழுக்க அளவாத் துணி சுத்தி, கையை உயர்த்தி வைச்சே குறைச்சிருக்கலாம். வீக்கம் இனி முழுசா வத்தாது."

ஆறாம் நாள் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். புளியங்குளம் தாண்டியதும் வீரகத்தி அவள் பக்கம் திரும்பினான்.

"இஞ்சரும், நூல் இறுக்கினது எப்ப தெரியும்?"

"தையில."

"சொல்லியிருந்தீரெண்டா நானே வெட்டியிருப்பன்."

"உங்களுக்காகக் கட்டினது."

"எனக்கென்ன நடக்கப்போகுது? உமக்கு நொந்திடுமெண்டு பயந்து கிட்ட வராமத் திரியிறவன் நான். அந்த நூலோ எனக்குப் பெரிசு?"

இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவருக்காக ஒருவர் வாய் மூடிக்கிடந்த அத்தனை மாதங்களும் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன.

அவன் அந்தக் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் தொடுகிறான். நெடுங்கேணியில் இறங்குவதற்காக அவன் கையை எடுத்தபோது, விரல்கள் இருந்த இடத்தில் நான்கு குழிகள் விழுந்திருந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் நின்றபிறகும் அவை நிரம்பவில்லை.