பதினோராவது பெயர்

கம்போடியாவில், முன்னோருக்குப் படைக்கும் ப்சும் பென் திருநாளின் பதினைந்து நாளும் இறந்தவர்கள் பசியோடு ஏழு விகாரைகளுக்கு அலைவார்கள். பிக்கு பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைத்தால்தான் நாம் படைக்கும் சோறு அவர்களுக்குப் போய்ச் சேரும். வாசித்து முடித்ததும் பட்டியலை எரித்துவிடுவோம். அதனால் எங்கள் வீட்டில் அச்சடித்த தாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

என் கணவர் நிமித் இறந்துபோன பிறகு வந்த முதல் ப்சும் பென் அது. பட்டியலில் இருந்த பதினொரு பேரும் போல் பாட் காலத்தில் செத்த அவருடைய ஆட்கள். முதல் மனைவியும் அதில் உண்டு. அவர்களைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. வருடத்துக்கு ஒரு முறை அச்சடித்து, தானே மடித்து எடுத்துப் போவார். நானும் கேட்டதில்லை. என்னிடமும் யாரும் கேட்கக்கூடாத பெயர்கள் இருந்தன.

பட்டியலை அவர் பதிந்து வைத்திருந்த குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு, பாத்தம்பாங் சந்தைக்குப் பின்னால் கணினிக் கடை வைத்திருக்கும் லக்கெனாவிடம் போனேன். திறந்ததும் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் டாலர் குறிகளும்.

"என்ன சித்தி இது, பிரெஞ்சுக்காரன் தும்மின மாதிரி இருக்கு?"

"பேர்ப் பட்டியல்டி."

"எந்த எழுத்துருல அடிச்சது?"

"அவரே செஞ்சதுல."

அவள் சிரிப்பு நின்றது. "அது எங்க?"

"பழைய கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. அதைப் பழைய சாமான்காரிகிட்டப் போட்டுட்டேன்."

யூனிகோட் வந்து நம் எழுத்துகளுக்கென்று எண் தருவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். ஆங்கில எழுத்தின் மேல் கெமர் எழுத்தை முகமூடிபோல மாட்டிவைப்போம். முகமூடி கழன்றால் அடியில் இருப்பதுதான் தெரியும். பத்து வருடம் அவருடைய தட்டச்சுக் கடையில் நிலத்தகராறு மனுக்களைத் தட்டியவள் நான். இருந்தும், எழுத்து தகட்டில்தானே இருக்கிறது என்று நம்பிப் பெட்டியைக் கொடுத்துவிட்டேன்.

என் விரல்களுக்கு மட்டும் அவருடைய விசைகள் மறக்கவில்லை. திரையில் தெரிந்த ஆங்கில எழுத்தை மேசைமேல் தட்டிப் பார்த்தேன். எந்தக் கெமர் எழுத்து என்று விரல் சொன்னது. ஒரு எழுத்தின் அடியில் இன்னொன்றாகத் தொங்கும் கால் எழுத்துகளும் ஒவ்வொன்றாக வந்தன. நான் சொல்லச் சொல்ல லக்கெனா புதிதாக அடித்தாள். மதியத்துக்குள் பத்துப் பெயர்கள் கிடைத்தன. முதல் மனைவியின் பெயர் மொனிவான். அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பதினோராவதில் முதல் எழுத்து 'ச'. பிறகு இரண்டு காலிக் கட்டங்கள். பக்கத்தில்: மகள், வயது நான்கு. விசைப்பலகையில் இடமில்லாத எழுத்துகளை அவர் ஏதோ எண்களைத் தட்டி வரவைப்பார். மனுக்களில் அவை தேவைப்பட்டால், "இங்க வாங்க, உங்க மந்திரத்தைப் போடுங்க" என்று கூப்பிடுவேன். அந்த எண்களை ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"'சந்தா'ன்னு போட்டுடலாம் சித்தி. யாருக்குத் தெரியப்போகுது?"

"அவளுக்குத் தெரியும்."

லக்கெனா 'ச' அடித்து இரண்டு கட்டங்கள் வரைந்தாள். அதே வரியில், ஒட்டினாற்போல, நிமித்தின் பெயரை அடிக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை விகாரையில், சடங்குகளை நடத்தும் ஆச்சார் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இதென்னம்மா, கட்டம் கட்டமா? வீட்டுப் படமா வரைஞ்சிருக்க?"

"பிள்ளை பேரு தாத்தா. முழுசாக் கிடைக்கல."

"பேரில்லாம எப்படிக் கூப்பிடுறது?"

"பக்கத்துல இருக்கறது அவ அப்பா பேரு. அவரைக் கூப்பிடுங்க. அவர் கூட்டிட்டு வருவார்."

கிழவர் என்னை ஒரு முறை பார்த்தார். தாளைப் பிக்குவிடம் கொடுத்து, அவர் காதில் ஏதோ சொன்னார். பத்துப் பெயர்களும் வாசிக்கப்பட்டன. பிறகு பிக்கு மூச்சு விடும் நேரம் நிறுத்தி, நிமித் என்றார்.

தாள் எரிந்தது. நான் கொண்டுபோன சோற்றுத் தட்டில் பெரிய கரண்டியோடு ஒரு சின்னக் கரண்டியும் வைத்திருந்தேன்.