கன்றுக்குட்டி தின்ற இறக்கை

டர்ரென்று துணி கிழிகிற சத்தம் கேட்டதும், கையிலிருந்த பசைச் சட்டியைக் கீழே வைக்காமலே ஓடினான் தனசேகரன். தென்னந்தோப்புக் கொட்டகையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே, சங்கத்தின் கிளைடர் விமானத்தில், இடது இறக்கை நடுவே பெரிய ஓட்டை. அதன் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு, பாஷ்யம் வாத்தியார் வீட்டுக் கன்றுக்குட்டி நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

பூட்டு உடையவில்லை, கொண்டியில் சாதுவாகத் தொங்கியது. சாவியோ அவன் இடுப்பில் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் பூட்டிவிட்டுப் போனது நன்றாக ஞாபகம் இருந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் நாலே பேர் கொண்ட சங்கம் அது. ஹைஸ்கூலில் சயன்ஸ் சொல்லிக்கொடுக்கும் பாஷ்யம் தலைவர். பட்டு நெய்யும் கலியாணசுந்தரம், அரிசி மில் குமாஸ்தா ராமலிங்கம், பஸ் கொட்டகையில் தச்சு வேலை பார்க்கும் தனசேகரன் மூவரும் அங்கத்தினர். சீமைப் பத்திரிகை ஒன்றில் வந்த படத்தைப் பார்த்து, எட்டு மாதம் மூங்கிலை இழைத்துக் கட்டிய விமானம். எஞ்சின் கிடையாது. வேகவதி ஆற்றங்கரை மேட்டில் நிறுத்திக் கயிறு கட்டி, மற்றவர்கள் மணலில் இழுத்துக்கொண்டு ஓடினால், உட்கார்ந்திருப்பவர் பனைமர உயரம் எழும்பி, இருநூறு கஜம் மிதந்து இறங்கலாம். கலியாணசுந்தரமும் ராமலிங்கமும் மிதந்தாகிவிட்டது. வாத்தியாருக்குத் தலைசுற்றல், தரையிலேயே தலைவராக இருந்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தனசேகரன் முறை. அதை விட்டால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும், ஆற்றில் தண்ணீர் வந்துவிடும், தை வரைக்கும் விமானம் கொட்டகையை விட்டு நகராது.

சங்கத்தின் சட்டம் கதவிலேயே ஒட்டியிருந்தது, வாத்தியாரின் முத்து முத்தான எழுத்தில். சேதம் யாரால் நேர்ந்ததோ அவரே தம் கையால் செப்பனிட வேண்டும். அதன் பிறகு நாலு வாரம் பறக்கக் கூடாது. யாரால் என்று தெரியாவிட்டால் சாவி வைத்திருந்தவரே பொறுப்பு.

கன்றைப் பிடித்து வெளியே தள்ளும்போதுதான், விமானத்தின் ஆசனத்தில் கிடந்ததைப் பார்த்தான். மரிக்கொழுந்து வைத்துக் கட்டிய மல்லிகைச் சரம்; இன்னும் வாடவில்லை. அந்தக் கன்று யார் பின்னால் சுற்றும் என்பது தோப்புக்கே தெரியும். தினமும் கஞ்சித் தண்ணீர் வைக்கும் வாத்தியார் மனைவி அம்ருதவல்லியைத் தவிர அது யாரையும் மதிக்காது. ஆனால் அந்த அம்மாள் விமானத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள். 'உங்கள் பறக்கிற பந்தல்' என்று புருஷனைக் கேலி செய்பவள். தனசேகரன் ஒன்றும் புரியாமல் பூவை மடியில் செருகிக்கொண்டான்.

சாயங்காலம் சங்கம் கூடியது. முதலில் கலியாணசுந்தரத்தின் தலைதான் உருண்டது. பத்திரிகையில் சொன்ன பூச்சு இங்கே கிடைக்காததால், தறிக்குப் போகும் பாவு நூலுக்குப் போடுவதைப் போல, இறக்கைத் துணிக்கும் அரிசிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கியது அவன்தான்.

"கஞ்சியப் பூசி வெச்சா கன்னுக்குட்டி வராம கலெக்டரா வருவாரு?" என்றான் ராமலிங்கம்.

"தெருவுல பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கினுதான் இருக்கறோம். எந்த மாடாச்சும் நக்கிச்சா? நாங்க காவல் நிப்போம்பா. கதவத் தொறந்து உட்டா மாடு இன்னா பண்ணும்?" என்றான் கலியாணசுந்தரம்.

கதவு என்றதும் எல்லோருடைய பார்வையும் தனசேகரன் பக்கம் திரும்பியது.

"பூட்டினேன் சார். ரெண்டு தபா இழுத்துப் பாத்துட்டுத்தான் போனேன்."

வாத்தியார் அதை நம்பினார். ஆனால் இன்னொரு சாவி அவர் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது, காலையில்கூடப் பார்த்தேன் என்று வருத்தத்தோடு சொன்னார். தனசேகரனின் கை மடிக்குப் போயிற்று. பூவை எடுத்து நீட்டினால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் நாலு பேர் நடுவில், இது உங்கள் வீட்டு அம்மாள் தலைப் பூவா என்று எப்படிக் கேட்பது? அவனிடம் சாவியைக் கொடுப்பதா என்று அக்கிரகாரத்தில் சிலர் முணுமுணுத்தபோது, கட்டியவன் கையில் இல்லாமல் வேறு யார் கையில் இருப்பது என்று சண்டை போட்டவர் இந்த மனிதர். கை காலியாகவே திரும்பி வந்தது.

"நானே தெச்சுடறேன் சார்" என்றான்.

வாத்தியார் நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். தனசேகரன் ஆற்றங்கரை மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது தோப்பு வழியாக அம்ருதவல்லி வந்தாள். ஒரு கையில் கஞ்சிச் செம்பு, மறு கையில் ஊசியும் நூல்கண்டும், பின்னாலேயே கன்று. நேரே தனசேகரன் முன்னால் நின்று, மடியில் மணக்கிற பூவைக் கொடுத்துவிடச் சொன்னாள். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஒரு மாதமாகத் தினமும் காலையில் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து, விமானத்தில் ஏறிச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாளாம். இன்றைக்குப் பால்காரன் வாசலில் கூப்பிட்ட அவசரத்தில், பூ விழுந்ததும் தெரியாமல், கதவையும் மறந்துவிட்டு ஓடினாளாம்.

ராமலிங்கம் சிரிப்பை அடக்க மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். வாத்தியாரின் மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"பறக்காத விமானத்துல உக்காந்துண்டு என்னடி பண்ணினே?"

அம்ருதவல்லி செம்பைக் கீழே வைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே ஊசியைப் பிடித்து நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"கிழிசலை நானே தெச்சுக் கஞ்சியும் போட்டுடறேன், ஞாயித்துக்கிழமை தனசேகரன் பறக்கட்டும், ஆனா என்னோட நாலு வாரம் என்னிக்கு முடியறதுன்னு அந்த நோட்டுல இப்பவே எழுதி வெச்சுடுங்கோ."