ஓலா டீச்சருக்குத் தமிழ் தெரியாது

மொத்தம் அறுபத்து இரண்டு மணி நேரம் இருபத்தேழு நிமிடம் அவள் தமிழ் தெரியாதவளாக இருந்தாள்.

காலை பத்து மணிக்குப் பள்ளியின் இரும்புக் கேட்டுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது தமிழைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு வருவாள். பதினொரு மணிக்கு வெளியே வந்ததும், முதல் திருப்பத்தில் யாராவது ஒரு லாரிக்காரர், "ஏம்மா, ரோடு உங்க வீட்டுதா?" என்று கேட்பார். அப்போது அது திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

இது மேடத்தின் ஏற்பாடு. அந்த மழலையர் பள்ளியை நடத்துகிறவர் அவர். வேலையில் சேர்ந்த அன்றே கதவைச் சாத்திவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம குழந்தைங்க எமகாதகங்க. உனக்குத் தமிழ் தெரியும்னு தெரிஞ்சா ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை பேசாதுங்க. தண்ணி வேணும்னா தமிழ்லயே கேட்டுட்டுப் போயிடும். தெரியாதுன்னா, அகுவான்னு சொல்லித்தானே ஆகணும்? அதனால இந்த கேட்டுக்குள்ள உனக்குத் தமிழ் தெரியாது."

"மத்த டீச்சர்ங்ககிட்ட, மேடம்?"

"அவங்ககிட்டயும்தான். அப்புறம் ஆயா. ஆயா காதுல விழுந்தா அரை மணியில தெருவுக்கே தெரிஞ்சிடும். ஒரு வார்த்தை வெளிய வந்தாலும் அன்னியோட இந்த வகுப்பை மூடிடலாம், சொல்லிட்டேன்."

அவள் தலையாட்டினாள். வாயைத் திறக்காமல் இருப்பதே தகுதியாகக் கருதப்படும் ஒரு வேலை தனக்குக் கிடைக்கும் என்று அவள் நினைத்ததில்லை. இயற்பியலில் பட்டம் வாங்கியவள். ஆய்வகங்களில் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் நேர்காணலில் குரல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. ஸ்பானிஷ் மட்டும் வேறு கதை. அப்பாவின் வேலையால் பத்து வயது வரை அந்த மொழி பேசும் ஊரில் வளர்ந்தவள். பிறகு அதைப் பேச ஆளில்லாமல் போனது. அதனால் ஸ்பானிஷில் அவளுக்கு இன்னும் பத்து வயதுதான். பத்து வயதில் அவளுக்குக் கூச்சம் என்பதே கிடையாது.

வகுப்பு ஒரு நீளமான கூடத்தில் நடந்தது. ஒரு கோடியில் பாய் விரித்த இடம், அவளுடையது. மறுகோடியில் குட்டிப் பெஞ்சுகளும் வகுப்பு டீச்சரின் மேசையும். நடுவில் சுவரோரம் செருப்பு வைக்கும் மரத்தட்டு. நான்கும் ஐந்தும் வயதான பத்தொன்பது குழந்தைகள். உள்ளே வந்ததும் அவள் "ஓலா" என்பாள். பத்தொன்பது பேரும் "ஓலா" என்று திருப்பிக் கத்துவார்கள். அதனால் அவள் ஓலா டீச்சர் ஆனாள்.

பாட்டுகளை அவளே கட்டினாள். கை மேலே போனால் 'ஆரிபா', கீழே வந்தால் 'அபாஹோ'. சிவப்புத் துண்டைக் கண்டால் 'ரோஹோ' என்று குதிக்க வேண்டும். நீலத் துண்டைக் கண்டால் 'அசூல்' என்று சுருண்டு படுக்க வேண்டும். பச்சை வந்தால் சும்மா நிற்க வேண்டும். ஐந்து வயதில் அதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை.

தமிழ் தெரியாதவள் முன்னால் ஜனங்கள் எதையும் பேசுவார்கள் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாள். வகுப்பு டீச்சர் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு ஆயாவிடம் சொல்வார்:

"நல்ல பொண்ணுதான், பாவம், வாயில்லாப் பூச்சி. ஆனா இந்தக் குதி குதிக்குதே, கால் என்னத்துக்கு ஆகும்?"

"பக்கத்துல போனா பாயெல்லாம் புழுதி டீச்சர். யாரு பெருக்கறது? நான்தான்," என்பார் ஆயா. இருவரும் அவளைப் பார்த்து அன்பாகச் சிரிப்பார்கள். அவளும் ஒன்றும் புரியாதவளாகச் சிரிப்பாள்.

குழந்தைகளில் ஒருவனுக்கு ரேடியோ என்று பெயர். வீட்டுச் செய்திகளை அவன்தான் ஒலிபரப்புவான். "எங்கப்பா தலையில இருக்கறது அவர் முடியே இல்ல," என்று ஒரு நாள் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டு அறிவித்தான். "குளிக்கறப்போ கழட்டி ஆணியில மாட்டிடுவாரு." அன்று அவனை அழைத்துப் போக வந்த அப்பாவின் நெற்றிக்கு மேலே பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அவளுக்குத் தமிழ் சொல்லித்தரும் பொறுப்பையும் ரேடியோவே எடுத்துக்கொண்டான்.

"சொல்லுங்க, நாற்காலி."

"நர்க்கலி."

"ஐயோ கடவுளே," என்று தலையில் கைவைத்துக்கொள்வான். "பத்துக்கு ரெண்டு மார்க். பரவாயில்ல, நீங்க புதுசுதானே."

இன்னொருத்தி காக்கா. எதைக் கேட்டாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். அதனால் அந்தப் பெயர். வகுப்பு டீச்சரின் நேரத்தில் அவள் பெயர் நாளுக்கு இருபது தடவை கூப்பிடப்படும். பத்தொன்பது தடவை திரும்ப மாட்டாள். கவனம் வரட்டும் என்று அவளை முன்வரிசைக்கு, வலப்பக்கச் சுவரை ஒட்டிய பெஞ்சுக்கு மாற்றினார்கள். அங்கே போன பிறகு நிலைமை இன்னும் மோசமானது. ஆனால் ஸ்பானிஷ் மணியில் அவள்தான் ராணி. பாட்டின் முதல் சொல் முடிவதற்குள் அவள் கை மேலே போயிருக்கும். மற்றவர்கள் அவளைப் பார்த்துச் செய்வார்கள்.

ஐம்பத்தேழாம் நாள் ஓலா டீச்சர் மரத்தட்டின் முன் குந்தி உட்கார்ந்து காக்காவின் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். காக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"உங்களுக்குப் புரியாதுல்ல, அதான் சொல்றேன். நான் உங்க பாட்டைக் கேக்கறதே இல்ல. உங்க கையைப் பாத்துப் பாத்துச் செய்யறேன். அது காப்பிதானே? தப்புதான். ஆனா பெரிய டீச்சர் கையே ஆட்ட மாட்டேங்கறாங்க. அவங்களை எப்படிக் காப்பியடிக்கறது?"

நாடாவின் முடிச்சு தப்பாக விழுந்தது. காக்கா டீச்சரின் கன்னத்தைத் தட்டினாள்.

"நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க. உங்களுக்குத்தான் சொல்லவே தெரியாதே."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவள் இரண்டு லாரிக்காரர்களிடம் திட்டு வாங்கினாள்.

சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் ஒரு தடவை அளந்ததை அளவு என்று ஏற்றுக்கொள்ளாத படிப்பு அவளுடையது. மறுநாள் வகுப்புக்கு மூடி இறுகிய ஒரு தகர டப்பாவில் கைப்பிடி அரிசி போட்டு எடுத்து வந்தாள். புது விளையாட்டு. நடுவில் ஒரு குழந்தை துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சுற்றிலும் மற்றவர்கள். டப்பா கைமாறிக்கொண்டே போகும். யாராவது ஒருவர் மெல்ல ஆட்டுவார். எல்லாரும் சேர்ந்து, 'தோந்தே எஸ்தா', எங்கே இருக்கிறது என்று பாடுவார்கள். கண் கட்டியவர் கையை நீட்டிக் காட்ட வேண்டும்.

குழந்தைகளுக்கு விளையாட்டு பிடித்துப் போனது. ஐந்து நாட்கள் வேறெதற்கும் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போனதும் அவள் ஒரு நோட்டில் வலம், இடம் என்று இரண்டு பத்தி போட்டு எண்களை எழுதினாள். எல்லாருக்கும் பத்துக்கு எட்டு, ஒன்பது. ரேடியோவுக்கு ஐந்து, ஆட்டும்போது அவன் பேசிக்கொண்டிருந்தான். காக்காவுக்கு வலப்பக்கம் பத்துக்குப் பத்து. இடப்பக்கம் பூஜ்யம். டப்பா இடப்பக்கம் ஆடும் ஒவ்வொரு தடவையும் அவள் வலப்பக்கம் கையை நீட்டினாள், அதுவும் சந்தேகமே இல்லாமல். மற்றவர்கள் சிரித்தார்கள். துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஐந்து நாள் எண்களையும் கூட்டிப் பார்த்தாள். இடப்பத்தியில் கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

நாளை வகுப்பு முடிந்ததும் மேடத்தின் அறைக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சொல்ல வேண்டிய வாக்கியங்களை எழுதி, கண்ணாடி முன் நின்று பதினோரு தடவை சொல்லிப் பார்த்தாள். பதினோராவது தடவைதான் குரல் வெளியே வந்தது.

ஆனால் மறுநாள், அறுபத்து மூன்றாம் நாள், பத்தே கால் மணிக்குக் காக்காவின் அம்மா வந்துவிட்டார். அவர் பஸ் கண்டக்டர். வெள்ளிக்கிழமைக்குச் சொல்லியிருந்த சந்திப்பு. பணி நேரம் மாறிவிட்டதால் சீருடையோடு அன்றே வந்து நின்றார். மேடம் அவரை வகுப்பு டீச்சரின் மேசைக்கே அழைத்து வந்தார். பாயில் ஸ்பானிஷ் நடந்துகொண்டிருந்தது. ஸ்பானிஷ்காரிக்குத்தான் தமிழ் தெரியாதே.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றார் கண்டக்டர் அம்மா. கடைசி சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற குரல்.

வகுப்பு டீச்சர் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "கோவத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க. கூப்பிட்டா திரும்பறதில்ல. ஒண்ணு சொன்னா ஒண்ணு செய்யறா. இன்னொரு வருஷம் இதே வகுப்புல இருக்கட்டும். அதுக்குத்தான் இந்தக் கையெழுத்து."

"வீட்ல கூப்பிட்டா உடனே வர்றாளே டீச்சர்."

மேடம் சிரித்தார். "உங்க வீட்ல கூப்பிட்டா இங்க இருந்தே ஓடி வரலாம்மா."

கண்டக்டர் அம்மாவும் சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. "கூட இருக்கறதுங்க எல்லாம் மேல போயிடும். இவ மட்டும் இங்கயே உக்காந்திருப்பாளா? தெனமும் கேப்பாளே, என்னை ஏன் விட்டுட்டுப் போனாங்கன்னு. என்ன சொல்றது?"

"ஒரு வருஷம்தானே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"வேணும்னு செய்யறான்னா சொல்லுங்க, நான் கண்டிக்கறேன்."

"வேணும்னுதான் செய்யறா. ஸ்பானிஷ் மணியில பாருங்க, எப்படி ஆடறா."

மூவரும் பாயைப் பார்த்தார்கள். அப்போது பாட்டு 'ஆரிபா' வரை வந்திருந்தது. பத்தொன்பது ஜோடிக் கைகள் மேலே இருந்தன. ஓலா டீச்சரின் கையும் மேலே இருந்தது. அது கீழே வரவில்லை. அடுத்த சொல்லும் வரவில்லை.

கண்டக்டர் அம்மா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "பத்து அம்பதுக்கு வண்டி எடுக்கணும். எங்க போடணும், காட்டுங்க."

ஓலா டீச்சர் பாயைவிட்டு இறங்கி நடந்தாள். குழந்தைகள் கையை இறக்கவில்லை. அவள் இன்னும் 'அபாஹோ' சொல்லவில்லையே. மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். பதினோரு தடவை சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. மேடம் அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வை, கேட்டுக்குள் உனக்குத் தமிழ் தெரியாது என்றது.

"பெர்தோன்," என்றாள். மன்னியுங்கள் என்று பொருள். யாருக்கும் புரியவில்லை. தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். கையை இல்லை என்று ஆட்டினாள். மறுபடி காதைத் தொட்டாள்.

"காது வலிக்குதாம், பாவம்," என்றார் வகுப்பு டீச்சர். "ஆயா, அந்தப் பஞ்சை எடுத்துட்டு வாங்க."

"காத்துல சைக்கிள் ஓட்டினா வலிக்காம என்ன பண்ணும்?" என்று ஆயா உள்ளேயிருந்து கேட்டார்.

"என் பையில தைலம் இருக்கு, ஒரு நிமிஷம் இரும்மா," என்றார் கண்டக்டர் அம்மா. தைலத்துக்கு முன் கையெழுத்தை முடித்துவிடலாம் என்று குனிந்தார். பேனா தாளைத் தொட்டது.

"கையெழுத்து போடாதீங்க."

சின்னக் குரல்தான். ஆனால் சுத்தமான தமிழ். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபத்தேழு. ஆயா ஒரு கையில் பஞ்சோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பு டீச்சர் அறுபத்து மூன்று நாட்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அப்போ நாம பேசினதெல்லாம்..." என்று ஆயாவைத் திரும்பிப் பார்த்தார்.

"போச்சு டீச்சர்," என்றார் ஆயா. "எல்லாம் போச்சு."

பாயிலிருந்து ரேடியோ எழுந்து நின்றான். கை இன்னும் மேலேயே இருந்தது. "நான்தான் சொல்லிக் குடுத்தேன்," என்றான் பெருமையாக. "ரொம்பக் கஷ்டப்பட்டேன். இப்பதான் வந்திருக்கு."

பதினெட்டுக் குழந்தைகளும் மேசைப் பக்கம் திரும்பி வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். காக்கா மட்டும் திரும்பவில்லை. மேசைக்குத் தன் இடப்பக்கத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தவள், டீச்சர் நின்றிருந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி கைகளைத் தூக்கிக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகச் சமர்த்தாகக் காத்திருந்தாள். பக்கத்தில் இருந்த தலைகள் திரும்பியதைக் கண்ட பிறகுதான் அவளும் திரும்பினாள்.

கண்டக்டர் அம்மா அதைப் பார்த்தார். பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். அன்று முதல் முறையாக அவர் குரல் தாழ்ந்தது.

"ஏன் போட வேணாம்? சொல்லும்மா."

வகுப்பு போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். கூடத்தில் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ வேணும்னு செய்யலக்கா," என்றாள். "இவளுக்கு இடது காது கேக்காது."